விஜயந்தா டாங்கி ஒரு தோல்வியா? அது எப்படி உருவானது, என்னென்ன வகைகள் வந்தன?

"விஜயந்தா என்பது பிரிட்டிஷ் டாங்கி ஒன்றின் நகல்தான், அதுவும் தோற்றுப்போன நகல் என்கிறார்களே, உண்மையா? அந்த மூல வண்டியை வேறு யார் வாங்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதன் எஞ்சின் சரியில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். மொத்த வண்டியையும் தோல்விக் கணக்கில் எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வளர்ந்தது ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையின் குடியிருப்பில். அந்த நீளமான பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் அது டேங்க் பேக்டரி. அப்பா அங்கே வெல்டர். 1970இல் சேர்ந்தார். எங்கள் எஸ்டேட்டில் பள்ளிக்கூடத்துக்கே விஜயந்தா என்றுதான் பெயர். அது ஒரு டாங்கியின் பெயர் என்பதைவிட எங்கள் ஊர்ப் பெயர் போலவே எனக்குப் பழகியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆவடி என்ற பெயரே கவச வாகனக் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வந்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தொழிற்சாலை தொடங்கப்பட்டது 1961இல். காங்கிரஸ் கட்சி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட புகழ்பெற்ற ஆவடி மாநாடு நடந்ததோ 1955இல். டாங்கி ஆலை வந்துதான் ஊருக்குப் பெயர் வந்தது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் நினைவூட்டுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம்.

1950களின் நடுவில் பாகிஸ்தான் அமெரிக்காவிடமிருந்து பேட்டன் டாங்கிகளைப் பெறத் தொடங்கியது. நம்மிடம் இருந்தவை ஷெர்மன்களும் செஞ்சூரியன்களும். எல்லாமே வெளியில் வாங்கியவை. இனி வாங்கினால் மட்டும் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று டில்லி முடிவெடுத்தது. அதே நேரத்தில் இங்கிலாந்தில் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு வேறொரு கணக்கு இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் தனக்காக உருவாக்கிக்கொண்டிருந்த சீஃப்டன் 55 டன் எடை. விலையும் அதிகம். அப்படியொரு வண்டியை வாங்கவோ பராமரிக்கவோ பல நாடுகளால் முடியாது. ஆகவே எடை குறைவான, எளிய, விலை மலிவான ஒரு டாங்கியை ஏற்றுமதிக்கென்றே தன் சொந்தச் செலவில் வடிவமைத்தது விக்கர்ஸ். முதலில் இன்னும் இலகுவாக, ஏவுகணைகளும் சுமக்கும் ஒன்றாகத்தான் யோசித்தார்கள். பிறகு 105 மி.மீ. எல்7 பீரங்கி கைக்கு வந்ததும் அதைச் சுற்றியே வண்டியை வரைந்தார்கள்.

எனக்கு இந்த வடிவமைப்பில் பிடித்ததே அந்தச் சிக்கனம்தான். பீரங்கி, செஞ்சூரியனில் நன்கு பழகியது. எஞ்சினும் கியர்பெட்டியும் சீஃப்டனுடையவை. உடலை வார்க்காமல், உருட்டிய கவசத் தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தார்கள். பெரிய வார்ப்பாலை இல்லாத நாடும் கட்டக்கூடிய வண்டி அது. எடை சுமார் 39 டன், நான்கு பேர் குழு, 44 குண்டுகள். கவசம் மிகத் தடித்த இடத்திலும் 80 மி.மீ.தான். இது பெரிய குறை என்பார்கள். அன்றைய கவசத் துளைப்புக் குண்டுகளுக்கு முன்னால் எந்தக் கவசமும் முழுக் காப்பில்லை என்பதால், எடையைக் குறைத்து நல்ல பீரங்கியைக் கொடுத்தது என் கணிப்பில் சரியான முடிவு. ஜெர்மனியின் லெப்பர்ட் 1 டாங்கியும் அதே வழியில்தான் போனது.

1961 ஆகஸ்டில் இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆனது. இங்கே அந்த வண்டிக்கு வைத்த பெயர்தான் விஜயந்தா. 1963இல் மாதிரி வண்டிகள் தயாராயின. அவற்றில் ஒன்று அடுத்த ஆண்டு இந்தியா வந்தது. நியூகாசில் நகரத்தின் எல்ஸ்விக் ஆலையில் முதல் 90 வண்டிகள் செய்து அனுப்பப்பட்டன. ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது 1965இல். தொடக்கத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. 1971 போரில் விஜயந்தா மேற்கு முனையில் களம் கண்டது. 1983 வரை உற்பத்தி நடந்தது. மொத்தம் ஏறத்தாழ 2,200 வண்டிகள்.

நகல் என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கைக்குள் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் காட்ட விரும்புகிறேன்.

கவசத் தகட்டை வெல்டிங் செய்வது வீட்டுக்கு இரும்புக் கேட் செய்வது போலக் கிடையாது. கடினமான எஃகு, சூடுபட்டு ஆறும்போது முறுக்கிக்கொள்ளும். எலக்ட்ரோடின் பூச்சில் துளி ஈரம் இருந்தாலும் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எஃகுக்குள் புகுந்துவிடும். அன்று எதுவும் தெரியாது. ராத்திரி முழுக்க வண்டி ஆறும். அப்பா சொல்வார்: "மாலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் அம்மா. காலையில் வந்தால் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு ஓடியிருக்கும். அவ்வளவுதான், முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும்." அதனால் எலக்ட்ரோடுகளை அடுப்பில் வைத்துக் காயவைத்து, சூடு குறையாத பெட்டியிலேயே வைத்திருந்து, வேண்டியதை மட்டும் கையில் எடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அப்பா வீட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கடலிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு, அந்த மழைக்கால ஈரக்காற்றில் டாங்கி உடலை விரிசல் இல்லாமல் ஒட்டும் வித்தை எந்த வரைபடத்தோடும் வரவில்லை. அதை ஆவடிக்காரர்களே கற்றார்கள். காலைச் சங்கு ஊதுவதற்குள் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான பேர் கற்ற வித்தை அது.

சரி, எஞ்சின். இங்கேதான் எல்லாக் குற்றச்சாட்டுகளும் வேர்கொள்கின்றன, அவை நியாயமானவையும்கூட. லேலண்ட் எல்60 ஒரு விசித்திரமான எஞ்சின். ஆறு சிலிண்டர்கள், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே நின்று நடுவில் வந்து சந்திக்கும். மேலும் கீழுமாக இரண்டு கிராங்க் தண்டுகள். சிலிண்டர் தலையே கிடையாது. டீசல், பெட்ரோல் எதை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று நேட்டோ 1950களில் விரும்பியதால் பிரிட்டன் இந்த வழியைத் தேர்ந்தது. தாளில் அழகான யோசனை. நடைமுறையில் சிலிண்டர் உறைகள் பழுதாயின, எண்ணெய் கசிந்தது, சூடு ஏறியது. பிரிட்டனின் சொந்த சீஃப்டனையே அது படாதபாடு படுத்தியது. விஜயந்தாவில் அதன் வலிமையை 535 குதிரைத்திறனுக்குக் குறைத்துப் பொருத்தினார்கள். ஒரு டன்னுக்கு 14 குதிரைத்திறன்கூட வராது. ராஜஸ்தான் மணலும் கோடையும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

குறி பார்க்கும் முறையும் அந்தக் காலத்துக்கே உரியது. பீரங்கியோடு இணைத்து 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருக்கும். சுடுபவர் முதலில் அதில் சில ரவைகளைப் பாய்ச்சுவார். அந்த ரவைகளின் பாதை பெரிய குண்டின் பாதையோடு ஒத்துப்போகும்படி அமைத்திருப்பார்கள். ரவை இலக்கில் பட்டுப் பளிச்சிட்டால் தூரம் சரி என்று பொருள், உடனே பீரங்கியைச் சுடலாம். கணினியும் லேசரும் இல்லாமல் சுமார் 1,800 மீட்டர் வரை இதில் நம்பிக் குறி வைக்கலாம். எளிமை என்றால் இதுதான். ஆனால் எதிரியும் அந்தப் பளிச்சைப் பார்த்துவிடுவான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, மற்ற வாங்குநர்கள்.

குவைத் 70 வண்டிகள் வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் அவை போய்ச் சேர்ந்தன. நம்முடையதும் அவர்களுடையதும் விக்கர்ஸ் வண்டியின் முதல் வகையான மார்க் 1 குடும்பம். ஏவுகணைகள் சுமக்கும் மார்க் 2 வரைபடத்தோடு நின்றது. எல்லாவற்றையும் மாற்றியது மார்க் 3. எல்60ஐத் தூக்கி எறிந்துவிட்டு, 720 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்க டெட்ராய்ட் டீசல் எஞ்சினை வைத்தார்கள். டரட் எனப்படும் சுழலும் மேல்கூட்டின் முகப்பை வார்ப்பாக மாற்றினார்கள். மார்க்கோனி நிறுவனத்தின் குறிபார்க்கும் கணினியும் லேசர் தூரமானியும் வந்தன. எடை ஏறக்குறைய அதேதான். டன்னுக்கு 18 குதிரைத்திறனுக்கு மேல் கிடைத்துவிட்டது. கென்யா இரண்டு தவணைகளில் 76 வண்டிகள் வாங்கியது, நைஜீரியா 1981இல் முதலில் 36க்கு ஆர்டர் கொடுத்தது. பழுதான வண்டிகளை இழுக்கும் மீட்பு வண்டியும், பாலம் போடும் வண்டியும் அதே உடலில் பிறந்தன.

மார்க் 3ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அதே உடல், அதே பீரங்கி, பெரிய மாற்றம் எஞ்சின்தான். அதாவது விக்கர்ஸ் வரைந்த வண்டியில் அடிப்படைக் கோளாறு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆவடியில் எல்60 பூட்டிய விஜயந்தா வரிசையாக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. ஒரு தொழிற்சாலை முழுவதையும் ஓர் எஞ்சினை நம்பி அமைத்த பிறகு அதை மாற்றுவது எளிதில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் விஜயந்தாவுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு விக்கர்ஸ் செய்த ஏற்றுமதி வண்டிகள் அவ்வளவாக ஓடவில்லை. சோபம் என்ற பிரிட்டிஷ் பல்லடுக்குக் கவசம் பூட்டிய வேலியன்ட், லெப்பர்ட் 2இன் அடிப்பாகத்தில் 120 மி.மீ. பீரங்கி வைத்த மார்க் 7 என்று முயன்றார்கள். இரண்டையும் எந்த நாடும் வாங்கவில்லை. அந்த அனுபவத்தோடு அவர்கள் செய்த சாலஞ்சர் 2ஐ ஓமன் வாங்கியது.

நம் பக்கத்தில் விஜயந்தாவின் வகைகள் வேறு திசையில் வளர்ந்தன. பாரத் எலக்ட்ரானிக்ஸ் வழியாகப் புதிய குறிபார்க்கும் கருவி வந்தது. ரஷ்ய டி-72 டாங்கியின் எஞ்சினை இதில் பொருத்தும் திட்டம் எழுந்து, செலவைப் பார்த்துக் கைவிடப்பட்டது. அந்த 105 மி.மீ. பீரங்கி மட்டும் தன் சொந்த வண்டியைத் தாண்டியும் போனது. நம் ராணுவத்தின் ரஷ்ய டி-55 டாங்கிகளில் பழைய 100 மி.மீ. பீரங்கியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார்கள். கார்த்திக் என்ற பாலம் போடும் வண்டியும் விஜயந்தா உடலில் வந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டுவது கேட்டபல்ட். விஜயந்தாவின் உடலை நீட்டி, பக்கத்துக்கு ஆறு சக்கரம் இருந்த இடத்தில் ஏழாக்கி, மேல்கூட்டை எடுத்துவிட்டு, அதில் ரஷ்யாவின் எம்-46 என்ற 130 மி.மீ. நெடுந்தூரப் பீரங்கியை ஏற்றினார்கள். 27 கிலோமீட்டர் வரை சுடும் பீரங்கி. இங்கிலாந்துக்காரர் வரைந்த உடல், ரஷ்யப் பீரங்கி, சென்னைப் புறநகரின் வெல்டிங். பார்க்க அழகான வண்டி இல்லை. லாரி இழுத்துக்கொண்டு அலைய வேண்டிய பீரங்கி தானே நடந்துபோகும்படி ஆனது, அதுதான் அதன் பயன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவை மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் உள்ள டாங்கி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். திறந்தவெளியில் பல நாட்டு வண்டிகள் நிற்கும். மற்றவர்கள் ஜெர்மன் டாங்கிகளின் முன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நேராக விஜயந்தாவிடம் போனார். பீரங்கியைப் பார்க்கவில்லை. குனிந்து, முன் தகடும் அடித் தகடும் சேரும் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். பெயின்ட் தடிமனாக இருந்தது, இருந்தாலும் கீழே வெல்டிங் வரிகள் மீன்செதில் போலக் கைக்குத் தட்டுப்பட்டன. என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். "எத்தனை அடுக்கு போட்டிருக்கிறோம், எண்ணிப் பார்" என்றார்.

2008 வாக்கில் விஜயந்தா ராணுவத்திலிருந்து விடைபெற்றது. கேட்டபல்ட் அதன் பிறகும் ஓடியது. உதிரி பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த 130 மி.மீ. பீரங்கியை அர்ஜுன் டாங்கியின் உடலில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். அர்ஜுனை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் ஆவடியில்தான் இருக்கிறது, டேங்க் பேக்டரியிலிருந்து சற்றுத் தொலைவில்.