மெம்டெஸ்ட் ஒரு சுற்று பிழையின்றி முடிந்தால் ஓவர்கிளாக் நிலையானது என்று கொள்ளலாமா?

ரேமை ஓவர்கிளாக் செய்து, அதாவது 3200 வேகத்திலிருந்து 3600-க்கு ஏற்றியிருக்கிறீர்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று பிழையின்றி முடிந்தது, இதற்கு மேலும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், அரை மணி நேரம் ஒரு கேம் தடையின்றி ஓடினால் போதும் என்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே சொல்லியிருப்பேன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 என்ற பிராசஸர், அதனுடன் 8 ஜிபி ரேம் இரண்டு. ஒரு ஜனவரி இரவில் வேகத்தை 3600-ஆகவும் மின்னழுத்தத்தை 1.40 வோல்ட்டாகவும் உயர்த்தினேன். அதோடு நிற்காமல், யாரோ பகிர்ந்திருந்த பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) படத்தைப் பார்த்து, டிஆர்எஃப்சி என்ற ரேம் நேர மதிப்பை 630-இலிருந்து 450-ஆகக் குறைத்தேன். மெம்டெஸ்ட் ஒரு சுற்று, பிராசஸரை வாட்டிச் சோதிக்கும் பிரைம்95 நாற்பது நிமிடம். இரண்டிலும் ஒரு பிழைகூட வரவில்லை.

மே மாதத்தில் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களைப் புதிய டிஸ்குக்கு மாற்றினேன். கணினி உறையவில்லை, நீலத்திரையும் வரவில்லை. பழைய டிஸ்கை ஃபார்மட் செய்து தம்பியிடம் கொடுத்த பிறகு, ஒரு நாள் தாத்தாவின் சதாபிஷேகப் படங்களைத் திறந்தால், சிலவற்றில் பாதிக்குக் கீழே எல்லாம் பச்சையாகவும் சாம்பலாகவும் பட்டை பட்டையாக விலகிக் கிடந்தது. ஜேபெக் கோப்பின் நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதும் இப்படிப் பிசகிவிடக்கூடும். புதிய டிஸ்கின் மீது பழியைப் போட்டு, அதை விற்ற கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கடைக்காரரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

உண்மை வெளிப்பட்டது வேறு வழியில். பெரிய வீடியோ கோப்பு ஒன்றின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது)  அடுத்தடுத்து மூன்று முறை கணக்கிட்டேன். இரண்டு முறை ஒரே விடை, மூன்றாம் முறை வேறு விடை. கோப்பு மாறவில்லை, விடை மாறுகிறது என்றால், இடையில் அது தங்கிச் செல்லும் நினைவகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அன்றிரவு மீண்டும் ஓட்டிய மெம்டெஸ்டும் பிழையில்லை என்றே சொன்னது.

காரணம் வெப்பம். ரேமின் ஒவ்வொரு அறையும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும், சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒதுக்கப்படும் நேரமே டிஆர்எஃப்சி. நான் அதை 350 நானோவினாடியிலிருந்து 250-ஆகக் குறைத்திருந்தேன். ஜனவரி இரவின் குளிர்ச்சியில் அது போதுமானதாக இருந்தது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டும் சும்மா இருக்கும். மே மாத மதியத்தில், கீழிருந்து அந்தக் கார்டு ஊதும் வெக்கையில், அது போதவில்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்துக்கொண்டே விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையை ஓட்டியபோது பதினேழாவது நிமிடத்தில் முதல் பிழை வந்தது. மதிப்பை 630-க்கே திருப்பிய பின், அதே மதியச் சூட்டில் நான்கு மணி நேரம் ஓட்டியும் ஒன்றும் வரவில்லை.

மெம்டெஸ்ட் பயனற்றது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓடுவதால், ரேம் மோசமாக இருந்தாலும் விண்டோஸ் கோப்புகள் கெடாமல் அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே முதல் சோதனை அதுவாகத்தான் இருக்க வேண்டும், கடைசிச் சோதனையாக இருக்கக் கூடாது. எக்ஸ்எம்பி (ரேம் தயாரிப்பாளரே பதிந்து தரும் வேக அமைப்பு) மட்டும்தானே போட்டேன், அது ஓவர்கிளாக் ஆகுமா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று: டிடிஆர்4 தரத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், 1.35-இல் ஓடும் எதுவும் அந்தத் தரத்தைத் தாண்டியதுதான்.

பிராசஸர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பிராசஸரின் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரைத் தொட்டிருந்தால் இதையும் கவனியுங்கள். பின்னர் வாங்கிய 5600எக்ஸில் எல்லாக் கோர்களுக்கும் −30 வைத்தேன். பிரைம்95 இரவு முழுவதும் ஓடியது, ஆனால் காலையில் பிடிஎஃப் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் இறங்கிவிடும். ஒரே கோர் உழைக்கும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவும், குறைத்து வைத்த மின்னழுத்தம் அங்கேதான் பற்றாமல் போகும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஹியா (வன்பொருள்) பிழை 18 என்று பதிவாகியிருந்தது. கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்கிளரை ஓட்டியபோது தடுமாறியது ஒரே கோர்தான். அதற்கு மட்டும் −12 வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே உங்கள் ஒரு சுற்றை நான் ஏற்க மாட்டேன். வீட்டில் மிகவும் சூடான நேரத்தில், கிராஃபிக்ஸ் கார்டும் உழைக்கும்போது, சில மணி நேரம் சோதியுங்கள். அதுவரை, வேகத்தை ஏற்றிய நாளுக்குப் பின் இந்தக் கணினி வழியாக நகலெடுத்த எதனுடைய மூலப்பிரதியையும் அழிக்காதீர்கள். அந்த டிஸ்கைத் தம்பிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.