பிரமிடைக் கட்டியது யார்? டூர் கைடு சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு எகிப்து போகிறோம். பெரிய பிரமிடை ஒரு லட்சம் அடிமைகள் சாட்டையடி பட்டு 20 ஆண்டுகளில் கட்டியதாக ஏஜெண்ட் அனுப்பிய குறிப்பில் இருக்கிறது. மகனோ வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாக வீடியோ காட்டுகிறான். அவனுக்கு எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். எகிப்திய மக்கள்தான் கட்டினார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் குடியிருந்த ஊர், புதைக்கப்பட்ட இடம், எழுதிய வேலைக் குறிப்பு மூன்றுமே கிடைத்துவிட்டன.

ஒரு லட்சம், 20 ஆண்டுகள் என்ற கணக்கு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. பெரிய பிரமிடு, அதாவது கூஃபு மன்னரின் பிரமிடு, ஏறக்குறைய கி.மு. 2560இல் எழுந்தது. ஹெரோடோட்டஸ் வந்ததோ 2,000 ஆண்டுகள் கழித்து! அதை இன்னும் அப்படியே அச்சடித்து விநியோகிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

1990இல் பிரமிடுகள் நிற்கும் கீசாவில் ஒரு குதிரையின் கால் மண்சுவரில் இடறியது. தோண்டினால், கட்டியவர்களின் கல்லறைகள். ரொட்டிச் சட்டி, பீர் ஜாடியோடு, மன்னரின் பிரமிடு தெரியும் தூரத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அடிமைக்கு அந்த மரியாதை கிடைக்காது. முறிந்து, கட்டுப்போட்டு, நேராகக் கூடிய கை எலும்புகளும் இருந்தன. வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அவர்கள் ஊரில் ரொட்டி அடுப்புகளும் ஏராளமான மாட்டு, ஆட்டு எலும்புகளும் கிடைத்தன.

2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் பிரெஞ்சு தொல்லியலாளர் பியேர் தாலேயின் குழு கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள் இன்னும் அருமை. மெரெர் என்ற மேற்பார்வையாளர், சுமார் 40 ஆட்களோடு தூரா என்ற இடத்துக் கல்சுரங்கத்தின் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவில் இறக்கியதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். பத்து நாளுக்கு இரண்டு மூன்று நடை. வேற்றுக்கிரகக் கதைக்கு இந்த ஏடே போதும்.

ஒன்றை மட்டும் பையனிடம் மறைக்காதீர்கள். அடிமை இல்லை என்றால் இஷ்டப்பட்டு வந்த கூலியாள் என்று அர்த்தமில்லை. நிரந்தரக் கைவினைஞர்கள் ஒரு பகுதி. மற்றவர்கள் அரசுக்குச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பாக முறைவைத்து வந்த கிராமத்தார். அன்று நாணயமே கிடையாது, கூலி ரொட்டியும் பீரும்தான். வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருந்திருக்காது. உடம்பு தேய்ந்ததை அவர்கள் முதுகெலும்புகளே காட்டுகின்றன. 'சுதந்திரத் தொழிலாளர்கள்' என்று இனிப்பு தடவும் கைடையும் நம்ப வேண்டாம்.

கல்லை மரச்சறுக்கில் ஏற்றி இழுத்தார்கள், மணலை நனைத்தும் இருக்கலாம். சாய்தளம் போட்டு மேலே கொண்டுபோனார்கள். பையனுக்கு இவ்வளவு போதும்.

இனி உங்கள் காசு. டூர்க்காரர்கள் கமிஷனுக்காகப் பாப்பிரஸ் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். வாழைநாரைப் பாப்பிரஸ் என்று தலையில் கட்டும் கடைகள் உண்டு. மெரெரின் பெயர்கூட அங்கே காதில் விழாது. ஒட்டகக்காரர் ஏற ஒரு விலை, இறங்க ஒரு விலை கேட்பார். வழியில் யாராவது வந்து டிக்கெட்டைக் கேட்டால் கையில் கொடுக்காதீர்கள். பெரிய பிரமிடின் உள்ளே போகத் தனி டிக்கெட். ஏஜெண்ட் சேர்த்திருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடை நேரத்தை வெட்டச் சொல்லி, பக்கத்திலுள்ள காஃப்ரே மன்னரின் பிரமிடின் வடமேற்கு மூலைக்குப் போங்கள். தரைப்பாறையில் கட்டம் கட்டமாகக் கல் வெட்டிய வாய்க்கால்கள் அப்படியே இருக்கின்றன. கீசாவிலேயே கல்லை எப்படி வெட்டினார்கள் என்று பையன் கேட்டால் அதைக் காட்டுங்கள்.