பெரிய பிளக்கை வெட்டி சின்ன பிளக் மாட்டலாமா?

கேள்வி: சார், புதுசா ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கினோம். அதுல பெரிய பிளக், எங்க வீட்ல அந்த இடத்துல இருக்கிறது 5 ஆம்ஸ் பாயிண்ட். மாட்ட வந்தவரு பிளக்கை வெட்டிட்டு சின்ன டாப் போட்டுக் கொடுத்துட்டாரு. நல்லாதான் ஓடுது, ஆனா ஈரக்கையோட தொட்டா சுருக்குங்குது. வீட்டுக்காரர் "எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற மெயின் போர்டு சுவிட்ச்) ட்ரிப் ஆகலைல, அப்புறம் என்ன"ங்கிறாரு. – வாசகி, கும்பகோணம்

பதில்: முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கை உருவி வைங்கம்மா, மீதியை அப்புறம் பேசலாம்.

அந்த சுருக் சும்மா வரல. இந்த மாதிரி மெஷின் உள்ள கரண்டுக்குன்னு ஒரு ஃபில்டர் இருக்கும் (தண்ணி ஃபில்டர் இல்ல), அது கொஞ்சூண்டு கரண்டை பாடிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், எர்த் ஒழுங்கா இருந்தா அது பாட்டுக்கு மண்ணுக்குப் போயிரும். உங்க வீட்ல அது போகல, ஒண்ணு டாப்ல பச்சை வயரை மாட்டாம விட்டிருப்பாரு, இல்ல பாயிண்ட்லயே எர்த் வரல. இப்ப சுருக்குன்னு நிக்குது, நாளைக்கு உள்ள ஒரு வயர் தேஞ்சு பாடில பட்டுச்சுன்னா முழு 230 வோல்ட்டும் அங்கதான் நிக்கும்.

"நல்லாதான் ஓடுது"ங்கிறீங்களே, பச்சைத் தண்ணியில துவைக்கிற வரைக்கும் அப்படித்தான் ஓடும், மோட்டார் மட்டும்தானே. என்னைக்காவது பெட்ஷீட்டுக்கு 60 டிகிரி வச்சீங்கன்னா ஹீட்டர் ஆன் ஆகும், அது 2000 வாட்ஸ் பக்கம், கிட்டத்தட்ட 9 ஆம்ஸ் இழுக்கும். நாம 5 ஆம்ஸ்னு சொல்ற சின்ன பாயிண்ட் இப்ப 6 ஆம்ஸ் கணக்கு, தாங்குறது 1380 வாட்ஸ்தான். பின் சூடாகி சாக்கெட் பழுப்பாகி உருக ஆரம்பிக்கும். ட்ரிப் ஆகாதான்னா, ஆகாது! அந்த லைன்ல 16 ஆம்ஸ் எம்சிபி இருந்தா அதுக்கு 9 ஆம்ஸ் ஒரு விஷயமே இல்ல, சாக்கெட் கருகுறது அதுக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க.

மாத்த வேண்டியது செவுத்துல இருக்கிற பாயிண்டை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வச்சு மெயின் போர்டுலேர்ந்து தனியா 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுத்து 16 ஆம்ஸ் சாக்கெட் போடுங்க, எர்த்தையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பழைய மெல்லிசு வயர் மேலயே பெரிய சாக்கெட்டை வச்சு மூடுறதும், பெரிய பிளக்கை சின்ன பாயிண்ட்ல மாட்டுறதுக்குன்னு கடையில விக்கிற கன்வெர்ஷன் பிளக் சொருகுறதும் அதே ஏமாத்து வேலைதான். (பிளக்கே இல்லாம வயர் நுனியை ஓட்டைல விட்டு தீக்குச்சி சொருகுற ஆளுங்களும் இருக்காங்க, அதைப் பேசினா எனக்கு பிரஷர் ஏறும்.)

வெட்டினது வெட்டினதுதான், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 16 ஆம்ஸ் டாப் வாங்கி மாட்டச் சொல்லுங்க. பிரவுன் வயர் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். எர்த் வயரை மத்த ரெண்டை விட கொஞ்சம் நீளமா விடணும், யாராவது இழுத்தா அது கடைசியாதான் பிடுங்கிட்டு வரணும். டாப் உள்ள இருக்கிற கிளாம்ப் வயரோட வெளித்தோலைப் பிடிச்சிருக்கான்னும் பாருங்க. வாரன்ட்டி கார்டுல பிளக் மாத்துறதைப் பத்தி ஏதாவது போட்டிருக்கான்னு ஒரு தடவை படிச்சிடுங்க.

கேள்வி: சிங்கப்பூர்லேர்ந்து தம்பி கொண்டு வந்த ரைஸ் குக்கர்ல சதுர பின் பிளக். வெட்டி நம்ம ஊர் டாப் போடலாமா? – வாசகர், அறந்தாங்கி

பதில்: போடலாம், அங்கயும் 230 வோல்ட்தான். ஆனா அந்த சதுர பிளக் உள்ள ஒரு ஃப்யூஸ் இருக்கு, நம்ம டாப்ல கிடையாது, வெட்டினா அந்தப் பாதுகாப்பு போயிடும். குக்கர் அடியில வாட்ஸ் பாருங்க, 700 மாதிரி இருந்தா 6 ஆம்ஸ் மூணு பின் டாப் போதும். கெட்டில்னா பெரும்பாலும் 2000 பக்கம் இருக்கும், அதுக்கு பெரிய டாப்தான். அடாப்டர் வாங்குறதா இருந்தா எர்த் பின் உள்ளதா பார்த்து வாங்குங்க, நிறைய அடாப்டர்ல அந்த மூணாவது ஓட்டை சும்மா ஷோவுக்குத்தான் இருக்கு.