இரும்பு டிரிப்ஸ்: வாசகியர் கேள்விகள்

ஏழாம் மாதம். இரும்பு டிரிப்ஸ் ஏறிய ஐந்தாவது நிமிடம் முகம் சூடாகி, நெஞ்சு இறுகி, முதுகு வலித்தது. நர்ஸ் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. அலர்ஜியா?

பிரஷர் இறங்காமல், மூச்சு வாங்காமல், உடம்பில் தடிப்பும் இல்லாமல் இருந்திருந்தால் அநேகமாக இல்லை. இதற்கு ஃபிஷ்பேன் எதிர்வினை என்று பெயர். மருந்தை நிறுத்தினால் தானாக அடங்கும். பிறகு மெதுவாக ஏற்றினால் பலருக்குத் தொல்லை இருப்பதில்லை. உதடு வீங்குவது, மூச்சு இழுப்பு, மயக்கம் வேறு கதை. அபூர்வம்தான், ஆனால் அப்போது குழந்தையின் இதயத்துடிப்பும் குறையலாம். அதனால்தான் மருந்து முடிந்தும் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடாதீர்கள். அடுத்த முறை, நடந்ததை ஊசி குத்தும் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிரிப்ஸ் போட்ட கையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. இரண்டு மாதமாகப் போகவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன்: மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். கடுங்காப்பி நிறத்தில் இருக்கும் அந்த மருந்து, நரம்பை விட்டுத் தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. பச்சை குத்தியது போலத்தான். எலுமிச்சை தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். டிரிப்ஸ் ஓடும்போது அந்தக் கையை மடக்காமல் வைத்திருப்பதும், எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுவதும்தான் தடுக்கும் வழி. 'கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர்களிடம்தான் இந்தக் கறையை அதிகம் பார்க்கிறேன்.

மறுநாள் மூட்டு வலி, லேசான காய்ச்சல்.

ஓரிரு நாளில் போய்விடும். பாராசிட்டமால் போதும், புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருமகளுக்கு இப்போதுதான் இரண்டு மாதம், ரத்தம் 9 கிராம். டிரிப்ஸே போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. முதல் மூன்று மாதம் ஊசி வழி இரும்பு கொடுப்பதில்லை. இப்போதைக்கு டாக்டர் சொல்லும் மாத்திரை. டீ, காபியோடு மட்டும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

டிரிப்ஸ் போட்ட அன்றும் மாத்திரை?

இரும்பு மாத்திரை வேண்டாம். மறுபடி எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள். அரசு மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஒன்றாகவே இருக்கும். அதை நிறுத்தினால் ஃபோலிக் தனியாக வேண்டுமா என்றும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.