பிரமிடுக்குள் அடங்காத இடைக்காலம்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்துப் பள்ளிகளில் 1066 முதல் 1509 வரையான வரலாறு பெரும்பாலும் ஏழாம் ஆண்டில் வருகிறது. வீட்டுப்பாடத்துக்கு உதவும் தமிழ்ப் பெற்றோர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: மகள் பள்ளியிலிருந்து ஒரு பிரமிடு படம் கொண்டுவந்தாள். உச்சியில் அரசர், அடுத்து பிரபுக்கள், நைட்டுகள் (குதிரை வீரர்கள்), அடியில் விவசாயிகள். இதை மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் படத்தில் திருச்சபைக்கு இடமே இல்லை. 1086இல் அரசர் முதலாம் வில்லியம் எடுத்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஆயர்களிடமும் மடங்களிடமும் இருந்தது. அடித்தட்டும் ஒரே கூட்டம் அல்ல. சுதந்திர உழவர், நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமைகள் (ஆங்கிலத்தில் villein), துண்டு நிலம் மட்டுமே உள்ள குடிசைக்காரர், அடிமைகள் என நாலு வகையினர் இருந்தார்கள். பதிவானவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமைகள். மகளை அதே படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் எது கைமாறுகிறது என்று எழுதட்டும். கீழ்நோக்கி நிலமும் பாதுகாப்பும், மேல்நோக்கிப் படைச்சேவையும் உழைப்பும் தானியமும். அம்புகளை எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது.

கேள்வி: பண்ணையடிமைக்கும் அடிமைக்கும் என்ன வித்தியாசம் சார்? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: 'பண்ணையடிமை' என்ற நம் சொல்லே குழப்புகிறது. அடிமையைத் தனியாக விற்கலாம். பண்ணையடிமையைப் பொதுவாக நிலத்திலிருந்து பிரித்து விற்கமாட்டார்கள். நிலம் கைமாறினால் அவரும் கூடவே போவார். அவருக்கென்று வீடும் உழுதுண்ண நிலமும் உண்டு. பதிலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியின்றி வேலை, அறுவடைக் காலத்தில் இன்னும் கூடுதல். மகளுக்குக் கல்யாணம் என்றால் கட்டணம், அவர் இறந்தால் வீட்டின் சிறந்த கால்நடை பிரபுவுக்கு. ஊரைவிட்டு ஓடி, சாசன உரிமை பெற்ற ஒரு நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால் பல இடங்களில் விடுதலை கிடைத்தது.

கேள்வி: மூன்று வயல் முறையைப் பையனுக்கு எப்படி விளக்குவது? படித்தாலும் மனதில் நிற்கவில்லை.

பதில்: கணக்காகப் போடுங்கள். ஊருக்கு 600 ஏக்கர். இரண்டு வயல் முறையில் பாதி தரிசு, ஆகவே 300 ஏக்கரில்தான் பயிர். மூன்று வயலாகப் பிரித்தால் 400 ஏக்கர். முதல் வயலில் இலையுதிர்காலத்தில் கோதுமை அல்லது ரை என்ற தானியம். இரண்டாவதில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, அவரை. மூன்றாவது தரிசு, அதில் ஆடுமாடு மேய்ந்து எரு போடும். அடுத்த ஆண்டு வயல்கள் சுழலும். ஒரு பருவம் பொய்த்தாலும் மறுபருவம் கைகொடுக்கும். அவரை வகை மண்ணுக்குச் சத்து தரும். ஓட்ஸ் குதிரைக்குத் தீனி.

பிறகு விளைச்சல். பத்து ஏக்கரில், ஏக்கருக்கு 2 புஷல் (பழைய தானிய அளவு) வீதம் 20 புஷல் விதைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு நாலு விளைந்தால் 80. மறுவிதைப்புக்கு 20, திருச்சபையின் பத்தில் ஒரு பங்கு 8 போனால் மிச்சம் 52. மழை கெடுத்து ஒன்றுக்கு மூன்றாகக் குறைந்தால் 60. அதில் 20, 6 கழித்தால் 34தான். விளைச்சல் கால் பங்கு குறைய, சாப்பாடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது! விதைக்கு எடுத்துவைப்பது குறையாததால்தான் இப்படி. 1315இல் விடாமழை தொடங்கியபோது வடக்கு ஐரோப்பா முழுவதும் ஏன் பட்டினியில் விழுந்தது என்பதை இந்தக் கழித்தல் கணக்கு காட்டிவிடும்.

கேள்வி: அந்தக் காலத்தவர் பூமி தட்டை என்று நம்பினார்களாமே?

பதில்: படித்தவர்கள் நம்பவில்லை. சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் 13ஆம் நூற்றாண்டில் கோளத்தைப் பற்றி எழுதிய நூல் பல்கலைக்கழகங்களில் பாடநூலாகவே இருந்தது.

கேள்வி: '1381இல் விவசாயிகள் ஏன் கிளர்ந்தனர்?' என்ற கேள்விக்கு மகன் 'தலைவரி' என்று எழுதினான். பாதி மதிப்பெண்தான் வந்தது.

பதில்: அவன் எழுதியது உடனடிக் காரணம் மட்டுமே. 1377இல் தலைக்கு 4 பென்னியாக இருந்த வரி, 1380இல் விதிக்கப்பட்ட மூன்றாவது வரியில் 12 பென்னி ஆனது. அதற்கு முன்னால் உள்ளதையும் எழுத வேண்டும். 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோயில் மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டார்கள். ஆள் பற்றாக்குறையால் கூலி ஏற வேண்டிய நேரத்தில், 1351 சட்டம் பழைய கூலியையே கட்டாயமாக்கியது. மூன்றையும் சங்கிலியாகக் கோக்கச் சொல்லுங்கள். 'கொள்ளைநோய் பண்ணையடிமை முறையை ஒழித்தது' என்று ஒரே வரியில் முடிப்பதும் தவறு. இங்கிலாந்தில் அது 15ஆம் நூற்றாண்டில்தான் மெல்லத் தேய்ந்தது; போலந்துப் பக்கம் பிற்பாடு இன்னும் இறுகியது.

கேள்வி: டோம்ஸ்டேயில் எங்கள் ஊரின் பதிவைத் தேடினோம். 30 பேர் என்றிருக்கிறது. இவ்வளவு சின்ன ஊரா?

பதில்: பதிவில் இருப்பவர்கள் பொதுவாகக் குடும்பத் தலைவர்கள். ஐந்தால் பெருக்குங்கள், 150 பேர் வரும். அடுத்து ஏர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் ஏருக்கு எட்டு எருது என்று கணக்கு. ஊரின் மதிப்பு 1066இல் எவ்வளவு, 1086இல் எவ்வளவு என்பதையும் ஒப்பிடுங்கள். யார்க்‌ஷயர் பதிவுகள் பலவற்றில் 'பாழ்' என்று இருக்கும். 1069–70 குளிர்காலத்தில் வில்லியமின் படை வடக்கை எரித்ததை அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.