படிக்கும் கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை மங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48. கணக்குப் பிரிவில் வேலை. தூரப் பார்வையில் குறை இல்லை. படிக்க +1.75 கண்ணாடி போடுகிறேன். அதைப் போட்டாலும் கழற்றினாலும் கம்ப்யூட்டர் திரை மங்கலாகவே தெரிகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரசிவ் கண்ணாடி வாங்கினேன்; கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். எந்தப் பவர் எனக்குச் சரி?

மருத்துவர் பதில்: உங்களுக்கு இருப்பது வெள்ளெழுத்து, அதாவது வயதாக ஆகக் கிட்டத்தில் உள்ளது மங்கும் குறை. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். +1.75 கண்ணாடி, புத்தகம் பிடிக்கும் 40 செ.மீ. தூரத்துக்காகக் கொடுக்கப்பட்டது. 100-ஐ 1.75-ஆல் வகுத்தால் 57 வரும். அந்தக் கண்ணாடியோடு சுமார் 57 செ.மீ.க்கு அப்பால் உள்ளது எதுவும் உங்களுக்குத் தெளிவாகத் தெரியாது. மேசைக் கம்ப்யூட்டரின் திரையோ பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. தள்ளி இருக்கும். அப்புறம் மங்காமல் என்ன செய்யும்?

எனவே முதலில் ஓர் அளவு நாடாவை எடுங்கள். வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கண் பரிசோதனையின்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை, பரிசோதிப்பவரும் கேட்பதில்லை. 65 செ.மீ. என்றால், படிக்கும் பவரில் ஏறக்குறைய 1 குறையும், உங்களுக்கு +0.75 அல்லது +1.00 பொருந்தலாம். ட்ரையல் ஃப்ரேமில் (லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டம்) இரண்டையும் போட்டு, அதே தூரத்தில் எழுத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். லேப்டாப் என்றால் திரை இன்னும் கிட்டே இருக்கும், கணக்கும் மாறும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி உதவாது.

ப்ரோக்ரசிவ் லென்ஸில் திரைக்கான பகுதி நடுவில் ஒரு குறுகிய பாதைதான். அதைத் தேடி மோவாயைத் தூக்குகிறீர்கள், கழுத்து வலிக்கிறது. நாள் முழுக்கத் திரை பார்ப்பவருக்கு, அந்தத் தூரத்துக்கென்றே ஒற்றைப் பவர் கண்ணாடி தனியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். அதைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

நீல ஒளி தடுக்கும் லென்ஸுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. திரை பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் உலர்ந்துபோகிறது. அந்த எரிச்சலுக்குப் பவர் மாற்றம் மருந்தல்ல. அடிக்கடி இமையுங்கள், ஏசி காற்று முகத்தில் அடிக்காமல் உட்காருங்கள்.

கண்ணாடிக்குப் போகும்போது கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னொன்று: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் மாறும். அது கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆன பிறகே கண்ணாடிக்கு அளவு எடுங்கள்.