அட்டன் கடை கேமரா: உங்கள் நாட் (NAT) விதியில் பிழை இல்லை

வணக்கம். அட்டன் கடையில் உள்ள கேமரா ரெக்கார்டரைக் கொழும்பில் இருந்து பார்ப்பதற்காக பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் நாட் (முகவரி மாற்றும்) விதி எழுதி, 8000ஆம் போர்ட்டை ரெக்கார்டரின் 192.168.1.50 முகவரிக்குத் திருப்பியும் எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விதி சரிதான், அதை இனித் தொடாதீர்கள்.

உங்கள் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது, சிக்கலே அதுதான். 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்யும் நாட் வேலைக்கென 2012இல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் 4ஜி இணைப்புக்கு மேலே இன்னொரு நாட் இருக்கிறது. வெளியில் இருந்து வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) அங்கேயே நின்றுவிடும்.

சந்தேகமிருந்தால் வான் பக்கம் பாக்கெட் கேப்ச்சரை (வந்து போகும் பாக்கெட்டுகளைப் பதியும் வசதி) ஓடவிட்டு, கொழும்பில் இருந்து ஒருவரை இணைக்கச் சொல்லுங்கள். ஒரு வரிகூட விழாவிட்டால் ஃபயர்வாலில் தேட வேண்டியது எதுவுமில்லை.

பொது ஐபி (வெளியில் இருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) தருவார்களா என்று இணைய நிறுவனத்திடம் கேளுங்கள். கிடைத்தாலும் ரெக்கார்டரை நேரே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். பழைய ஃபர்ம்வேருடன் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அது பெரிய ஆபத்து. கிடைக்காவிட்டால், பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்து, கடையில் இருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பைப் போடுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் மேலே உள்ள நாட் தடுக்காது. கீப்அலைவை (இணைப்பை உயிரோடு வைக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடி என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது அறுந்துவிடும்.

அப்புறம், ரெக்கார்டரின் கேட்வே (பதிலை வெளியே அனுப்பும் வாசல்) பிஎஃப்சென்ஸின் முகவரிதானா என்று பாருங்கள். பண்டாரவளையில் எங்கள் கடையில் அது பழைய ரவுட்டரின் முகவரியாகவே இருந்தது. பாக்கெட் உள்ளே போனது, பதில் திரும்பவில்லை. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.